பொன்னுரங்க நாயக்கரின் பங்காளிகள்

டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேயர்,
ஜூன் 11.

மரியாதைக்குரிய பெரிய அத்தான் தேவேந்திர நாயக்கர் அவர்களுக்கு, இந்திராணி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் அன்னம்மாள் அக்காவும் மகள் கார்த்திகாவும் சுகமாக இருக்க வேண்டும். மதுராந்தகத்தில் ரைஸ் மில் நன்றாக ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். சுகமில்லை அத்தான். உங்கள் தம்பிக்கு உடம்பு சுகமில்லை.

மார்ச் மாதம் ஃபெரியில் கயிறு கட்டும்போது அவருக்கு உள்ளங்கை சிராய்த்தது. அந்த வேலையில் இதெல்லாம் ஒரு காயமா? மஞ்சள் வைத்துக் கட்டினேன். இரத்தம் நிற்கவில்லை. பிறகு பல் தேய்த்தால் இரத்தம். உடம்பில் எங்கே தொட்டாலும் நீலமாகக் கன்றியது. வீட்டில் அடி விழுகிறதா என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்களாம். ஆமாம், தினமும் விழுகிறது என்று இவரும் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தார். எதற்கும் சிரிக்கிற ஆள் என்று உங்களுக்குத் தெரியுமே. ஒரு நாள் நம் வீட்டுப் படியிலேயே ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை இரத்தம் செய்வதை நிறுத்திவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். இப்போது அடுத்தவர் இரத்தத்தில்தான் உயிர் ஓடுகிறது. அது ரொம்ப நாள் ஓடாது. இன்னொருவர் மஜ்ஜையிலிருந்து எடுத்து இவருக்கு ஏற்ற வேண்டும். அதற்குச் சென்னை போக வேண்டும். யாருடையது வேண்டுமானாலும் சேராது, கூடப் பிறந்தவருடையது சேர்வதற்குத்தான் வாய்ப்பு என்கிறார். அத்தையும் மாமாவும் போய்விட்டார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருக்குக் கூடப் பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்குப் போன் செய்தேன், என் எண்ணிலிருந்து போகவே இல்லை. அங்கன்வாடியில் என்னோடு வேலை செய்யும் ப்ரியங்காவின் போனிலிருந்து செய்தபோது எடுத்தீர்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் இதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தானே கிழிக்க வேண்டும்?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மஜ்ஜை வேண்டும் என்ற செய்தி எப்படிப் பரவியதோ, ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நாயக்கர்கள் வந்து நின்றார்கள். நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்திலிருந்து சொர்ணம்மா அக்கா தன் மூன்று மகன்களோடு முதல் பஸ் பிடித்து, இரண்டு ஃபெரி மாறி வந்திருந்தார். பாராடாங்கில் டீக்கடை வைத்திருக்கும் உதயசூரியன் நாயக்கர் கடையை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு வந்துவிட்டார். பெங்காலிப் பெண்ணைக் கட்டிய ஜெயமணி நாயக்கர் மாமனாரையும் சேர்த்து அழைத்து வந்திருந்தார். இருபது பேருக்கு மேல் இருக்கும். இவர்கள் எல்லாம் உறவா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். சொர்ணம்மா அக்கா முந்திக்கொண்டு, “ஹான் சாப், சப் நாயக்கர், எல்லாரும். யாரோடது வேணுமோ லே லோ, எடுத்துக்கோ” என்று கையை நீட்டினார்.

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் யாருக்கு என்ன முறை என்று என்னைக் கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாப், இவர்கள் பங்காளிகள், ஆனால் ஒரே இரத்தம் இல்லை. கைதியாக வந்தவர்கள் காலத்தில் பொன்னுரங்க நாயக்கர் என்று ஒருவர் கைதிகள் தங்கும் பாரக்கில் காய்ச்சலில் செத்துப்போனார். பிள்ளை குட்டி இல்லை. எனக்குத் திதி கொடுக்க ஆளில்லையே என்று சாகும்போது அழுதாராம். அவரைத் தூக்கிப் போன நாலு பேரும் அன்றைக்கே அவர் பெயரைத் தங்கள் பெயரோடு போட்டுக்கொண்டார்கள். நாலு பேரும் நாலு ஊர், நாலு சாதி. அந்த நாலு பேரின் வம்சம்தான் இங்கே இருக்கும் நாயக்கர்கள். ஒரு வீட்டில் சாவு என்றால் நாலு கிளைக்கும் தீட்டு. ஒரு கிளையில் இன்னொரு கிளை பெண் எடுப்பதில்லை. ஆடி அமாவாசைக்கு எல்லோரும் கடற்கரையில் கூடி முதல் எள்ளும் தண்ணீரும் பொன்னுரங்க நாயக்கருக்குத்தான் இறைக்கிறோம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியென்றால் இவர்களுடையதைச் சோதித்துப் பயனில்லை அம்மா என்றார். அதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. அவர்களும் நகரவில்லை. கடைசியில் இரத்தமாவது எடுங்கள் என்று சண்டை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

இந்தக் கதையால்தானே அத்தான் எங்களைத் தலைமுழுகினீர்கள்? கார்த்திகா நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள், உங்கள் பூர்வீகம் எந்த ஊர், குலதெய்வம் எது என்று கேட்டார்கள். நீங்கள் அதற்கு முன்பே, தாத்தாவின் அப்பா மேஸ்திரியாகக் கப்பல் ஏறிப் போனவர் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தீர்கள். அது எங்களுக்குத் தெரியாது. நம் தீவில் கல்யாணப் பந்தி என்றால் இரண்டு வீட்டாரும் யாருடைய முன்னோர் என்ன குற்றத்துக்கு வந்தார் என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்வதுதான் வழக்கம். திருடியவர் வம்சத்தை வெட்டியவர் வம்சம் கேலி செய்யும், எல்லோரும் சிரிப்பார்கள், பிறகுதான் பாயசம் வரும். அந்த நினைப்பில்தான் உங்கள் தம்பி எழுந்து நின்றார். நம் கொள்ளுத் தாத்தா நெல் களத்துச் சண்டையில் ஒருவனை வெட்டிவிட்டு வந்ததையும், சொந்தப் பெயரை விட்டு நாயக்கர் ஆனதையும், பஞ்சாபிலிருந்து வந்த கைதிப் பெண் சுகியாவைக் கட்டிக்கொண்டதையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதை எழுத உட்காரும்போது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்கிறது. அவர் பொய் சொல்லவில்லையே. கார்த்திகா அழுததற்கு நானும் அழுதேன், அது நிஜம். அந்தப் பெண்ணுக்காக ஆயிரம் தடவை காலில் விழுவேன். ஆனால் அவர் உண்மையைச் சொன்னதற்காக விழ என் உடம்பு வளையவில்லை. என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவரைக் காப்பாற்றிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சென்னை வருகிறோம். ஆஸ்பத்திரி விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் கடல் தாண்டி வருகிறோம். உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். ஒரே ஒரு தடவை வந்து சோதனைக்கு இரத்தம் மட்டும் கொடுங்கள். அவரிடம் பேசக்கூட வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
இந்திராணி.


சென்னை,
ஆஸ்பத்திரிக்குப் பின்புற விடுதி,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

அன்புள்ள பெரிய அத்தான் அவர்களுக்கு,

நீங்கள் வந்தீர்கள். கார் இருந்தும் டிரைவருக்குத் தெரிய வேண்டாம் என்று பஸ்ஸில், முகத்தில் மாஸ்க்கும் தலையில் துண்டுமாக வந்தீர்கள். சோதனைக்கு இரத்தம் கொடுத்தீர்கள். சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் மறுபடியும் வந்து சம்மதக் கையெழுத்துப் போட்டீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தீர்கள், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். “இப்பவும் குப்புறப் படுத்துத்தான் தூங்குறானா?” என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் உங்களைத் தெய்வம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படியே நினைக்க விரும்புகிறேன், அதனால்தான் நடந்ததை நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் கையெழுத்தை நம்பி நேற்று மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மருந்து அவர் உடம்பில் மிச்சம் மீதி இருக்கிற மஜ்ஜையை முழுக்க அழித்துவிடும். உங்களுடையது வந்து உட்கார இடம் வேண்டுமாம். ஆரம்பித்தால் திரும்ப வழி கிடையாது என்று இரண்டு முறை சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். உங்களுடையதை ஏற்றவில்லை என்றால் அவர் உடம்பில் ஒன்றும் இருக்காது. வரும் திங்கட்கிழமை, மஜ்ஜை எடுப்பதற்கு முன் போடும் ஊசியை உங்களுக்கு ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை அன்னம்மாள் அக்காவின் தம்பி விஜயன் வந்தார். கார்த்திகாவுக்கு இப்போது இன்னொரு நல்ல இடம் கூடி வந்திருப்பதாகச் சொன்னார். மனசார சந்தோஷப்பட்டேன். அந்தமான் தம்பி சென்னையில் படுத்திருப்பதும், நீங்கள் வந்து போவதும் அவர்கள் காதுக்குப் போய்விட்டதாம். பழைய நிச்சயதார்த்தக் கதையை யாரோ கிளறிவிட்டார்களாம். அதனால் உங்கள் தம்பி அழகேசன் போன் கேமரா முன்னால் பேச வேண்டுமாம். அன்றைக்குக் குடித்துவிட்டு உளறினேன், எங்கள் வம்சத்தில் கைதியும் இல்லை, வடக்கத்திப் பெண்ணும் இல்லை, பெயர் மாற்றமும் இல்லை என்று சொல்ல வேண்டுமாம். “அதச் சொல்லிட்டாருன்னா மச்சான் திங்கக்கிழம வந்துருவாரு. இல்லேன்னா அவரால வர முடியாதுங்க, வீட்ல விடமாட்டாங்க” என்றார். அவரும் கெட்டவர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, வேறு என்ன செய்வது? ஏற்கெனவே வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்த வாயோடு, “இந்து, சுகியாப் பாட்டி ரொட்டி சுட்டுப் போட்டுத்தான் எங்க தாத்தா வளர்ந்தாரு. அவங்கள இல்லேன்னு ஜூட், பொய் சொல்லிக் கெடைக்கிற உசுரு எனக்கு வேணாம். பஸ், அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழாயை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஊருக்குப் போகலாமா என்று இருந்தது. செத்துப்போன பாட்டிக்கு மரியாதை. உயிரோடு இருக்கும் பெண்டாட்டிக்கு?

அத்தான், இது உங்கள் வார்த்தையா? விஜயனோ வீட்டில் வேறு யாராவதோ தாங்களாக உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டதா? நீங்கள் தந்த புது எண்ணும் அணைந்திருக்கிறது. மில்லுக்குப் போன் செய்தால் முதலாளி வெளியூர் என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்தவர். எங்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். கல்யாணமான புதிதில் என்னை யாராவது நாயக்கர்ஜி வீட்டம்மா என்று கூப்பிட்டால் பெரிய நகை போட்ட மாதிரி இருக்கும். இந்த ஊரில் நாயக்கர் என்று எத்தனையோ ஊர்க்காரர்கள், எத்தனையோ வகையறாக்கள் போட்டுக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் இல்லை. இங்கே யார் எப்படி நாயக்கர் ஆனார் என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? நம்மால் முடிகிறது. அது எப்படிக் குற்றமாயிற்று என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். இதைக் கூரியரில் மில்லுக்கு அனுப்புகிறேன். ஞாயிறானாலும் நாளைக்கே கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

நம்பிக்கையோடு இருக்கும்,
இந்திராணி.


சென்னை,
திங்கட்கிழமை மாலை.

பெரிய அத்தான் அவர்களுக்கு,

காலையிலிருந்து நீங்கள் வரவில்லை. ஊசி போடும் அறையில் உங்கள் பெயரை எழுதி வைத்துக் காத்திருந்து, மதியம் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். நாளைக்குள் ஆரம்பித்தால்கூடச் சமாளிக்கலாம், அதற்கு மேல் தள்ள முடியாது என்று டாக்டர் சொன்னார். கோபப்பட்டுப் பேசியிருந்தால் தேவலை, மெதுவாகப் பேசினார். விஜயனைக் கூப்பிட்டேன்.

நான் பேசிவிட்டேன் அத்தான். கேன்டீனில் சுவரை ஒட்டி உட்கார்ந்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு விஜயனின் போனைப் பார்த்துப் பேசினேன். அழகேசன் நாயக்கரின் மனைவி பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு அவர் குடித்திருந்தார் என்றேன். அவர் வாழ்க்கையில் குடித்ததில்லை, உங்களுக்குத் தெரியும். கைதியாக யாரும் வரவில்லை, கொள்ளுத் தாத்தா மேஸ்திரியாக மரியாதையோடு வந்தவர் என்றேன். பொன்னுரங்க நாயக்கர் பெற்ற பிள்ளையின் வம்சம் என்றேன். சுகியா என்று ஒரு பெண்பிள்ளையே கிடையாது, அது சும்மா விளையாட்டுக்குக் கட்டிய கதை என்றேன். ரங்கத்திலும் பாராடாங்கிலும் இருக்கும் நாயக்கர்கள் யார் என்று விஜயன் கேட்டார், மாப்பிள்ளை வீட்டார் கேட்கச் சொன்னார்களாம். எங்களுக்கு அவர்கள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று என்று அதையும் சொன்னேன். ஒரு இடத்தில் வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டேன். திரும்ப எடுத்தோம். இரண்டாவது தடவை நன்றாகச் சொன்னேன்.

அந்த வீடியோ மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும்தான் என்றார் விஜயன். இரண்டு மணி நேரத்தில் அது தீவுக்குப் போய்விட்டது. நம் பங்காளிகள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ரங்கத்திலிருந்து சொர்ணம்மா அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்து அவர் இன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்பார். இன்றைக்குப் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. எந்த வாயால் செய்வேன்?

அவருக்கு இன்னும் தெரியாது. அவர் போனை நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். சற்று முன் உள்ளே போனேன். காய்ச்சல் ஏறியிருக்கிறது. அண்ணன் வந்தானா என்று கேட்டார். நாளைக்கு வருகிறார் என்றேன். கண்டிஷன் ஒன்றும் இல்லாமலா என்று கேட்டார். ஒன்றும் இல்லாமல்தான் என்றேன். அண்ணன் நல்லவன் என்று சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவருக்குத் தெரியத்தான் போகிறது. அவர் என்னை மன்னிக்க மாட்டார். பேசாமல் இருப்பார், நான் போட்ட சோற்றைத் தின்னாமல் எழுந்து போவார். போகட்டும். என் மேல் கோபப்படுவதற்கு அவர் உயிரோடு இருந்தால் எனக்கு அதுவே போதும் அத்தான். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அந்தக் கோபத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நீங்கள் கேட்டது எல்லாம் என்னிடமிருந்து வாங்கியாகிவிட்டது. நீங்கள் கேட்டீர்களா, உங்கள் பெயரில் கேட்டார்களா என்று இனி நான் விசாரிக்கப் போவதில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள், பின்வாசல் வழியாக வாருங்கள், வேறு பெயர் சொல்லிக்கொண்டுகூட வாருங்கள். யாரிடமும் நான் வாயைத் திறக்க மாட்டேன். இந்தக் கடிதத்தையும் விஜயன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இன்று இரவே உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகத் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருக்கிறார்.

கார்த்திகாவின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கட்டும். அந்தக் குழந்தையின் கழுத்தில் தாலி ஏறட்டும். என் கழுத்தில் இருப்பது நாளை உங்கள் கையில் இருக்கிறது.

இந்திராணி.